பனி தள்ளும் லாரி யார் பக்கம்

பத்தொன்பது குளிர்காலமாக லோவல் பிரிங்க்மன் மாவட்டத்தின் பனி தள்ளும் லாரியை ஓட்டி வந்தார். அந்த லாரியைப் பற்றிப் புகார்கள் வந்ததுண்டு. தாமதமாக வந்தது என்று திட்டியிருக்கிறார்கள். தபால் பெட்டியைச் சாய்த்துவிட்டது என்று அலுவலகத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறார்கள். ஆனால் அந்த லாரிக்கு ஓர் அரசியல் கொள்கை இருக்கிறது என்று அயோவா மாநிலத்து நியூ ஹோல்ம் ஊரில் ஒருவரும் சொன்னதில்லை. அந்த வருடம் சொன்னார்கள்.

கட்சி தன் ஜனாதிபதி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் வேலையை நாட்டிலேயே முதலில் அயோவாவில்தான் தொடங்கும். வாக்குச்சீட்டு கிடையாது. பிப்ரவரி முதல் திங்கட்கிழமை மாலை ஏழு மணிக்கு ஊர்ப் பள்ளிக்கூடத்தின் விளையாட்டுக் கூடத்துக்குப் போய், தனக்குப் பிடித்த வேட்பாளரின் மூலையில் நிற்க வேண்டும். தலை எண்ணுவார்கள். பக்கத்து வீட்டுக்காரன் எந்த மூலையில் நின்றான் என்பதை எல்லோரும் பார்ப்பார்கள். பார்த்ததை அடுத்த நான்கு வருடம் மறக்க மாட்டார்கள்.

லோவல் ஒருமுறைகூட அந்தக் கூட்டத்துக்குப் போனதில்லை. பிப்ரவரி முதல் திங்கட்கிழமை பெரும்பாலும் பனி பெய்யும். பெய்யாத வருடம் அவர் தூங்குவார்.

ஆனால் அந்த வருடம் வினை வீட்டுக்குள்ளேயே இருந்தது. அவருடைய மனைவி மார்லிஸ், வேறொரு மாநிலத்தின் கவர்னர் மெரிடித் கோலுக்கு நியூ ஹோல்ம் வட்டாரப் பொறுப்பாளர். மார்லிஸின் தம்பி டுவெய்ன், விதைச்சோளம் விற்பவன், செனட்டர் ஹாலிஸ் பிரெண்டனுக்கு வட்டாரப் பொறுப்பாளன். மூன்றாவதாக ஒரு மேயரும் களத்தில் இருந்தார். ஊரில் அவருக்கு மூன்றே ஆதரவாளர்கள், மூவரும் ஒரே காரில் வருபவர்கள். ஆகவே சண்டை முழுவதும் அக்காவுக்கும் தம்பிக்கும்தான். நவம்பரிலிருந்தே இருவரும் நேருக்கு நேர் பேசுவதை நிறுத்திவிட்டு, லோவல் வழியாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

டிசம்பரில் செனட்டர் லோவலின் சமையலறைக்கே வந்தார். கூட ஒன்பது பேர். அதில் நான்கு பேர் காமிரா வைத்திருந்தார்கள். மார்லிஸ் குளிர்பதனப் பெட்டிக்குப் பக்கத்தில் கை கட்டி நின்றாள்.

"லோவல், நான் இங்க பேச வரல. கேக்க வந்திருக்கேன்," என்று செனட்டர் சொல்லிவிட்டு இருபத்திரண்டு நிமிடம் பேசினார். பிறகு, "உங்களுக்கு ஒரே ஒரு பிரச்சனைன்னா அது என்ன?" என்று கேட்டார்.

லோவல் யோசித்தார். "பனி உருக சாலைக்குப் போடற உப்பை ஒரு கொட்டகையில வச்சிருக்கோம். கூரை ஒழுகுது. உப்பு நனைஞ்சு கட்டி புடிச்சிடுது."

செனட்டர் கண்ணை மூடித் திறந்தார். "உப்பு. எங்க அப்பா சாப்பாட்டுல உப்பு போட்டுக்கிட்ட மனுஷன். பதினெட்டு வருஷமா நான் செனட்ல உக்காந்திருக்கேன். இந்த உப்பைப் பத்தி அங்க ஒருத்தர்கூட வாயைத் தொறக்கல. அந்த மௌனத்தை உடைக்கத்தான் போட்டியிடறேன்."

பதினெட்டு வருடம் அங்கே உட்கார்ந்திருந்தவர் யார் என்று லோவலுக்கு ஒரு சந்தேகம் வந்தது. விருந்தாளியிடம் அதைக் கேட்பது மரியாதை இல்லை என்று விட்டுவிட்டார்.

மறுவாரம் கவர்னர் வந்தார். கூட பதினோரு பேர். செனட்டரைவிட இரண்டு கூட. லோவல் அதே கூரையைச் சொன்னார்.

"என் மாநிலத்துல சாலையில பனிங்கற பிரச்சனையே இல்லாம ஆக்கிக் காட்டினவ நான்," என்றார் கவர்னர்.

"உங்க ஊர்ல பனி பெய்யாதே மேடம்?"

"அதைத்தான் சொல்றேன்."

இரண்டு பேரும் கிளம்பும்போது, "எங்க பக்கம் நிப்பீங்க இல்ல?" என்று கேட்டார்கள். லோவல் இரண்டு பேரிடமும், "பாக்கலாம்," என்றார். அயோவாவில் 'பாக்கலாம்' என்றால் 'மாட்டேன்' என்று அர்த்தம். கூட வந்தவர்கள் வெளியூர்க்காரர்கள். இரண்டு தரப்புப் பட்டியலிலும் லோவலின் பெயருக்கு எதிரே 'உறுதி' என்று குறித்துக்கொண்டார்கள்.

ஜனவரியில் தொலைக்காட்சியில் வேட்பாளர்கள் விவாதம் நடந்தது. மார்லிஸும் லோவலும் சோபாவில் உட்கார்ந்து பார்த்தார்கள். "நியூ ஹோல்ம்ல லோவல்னு ஒரு உழைப்பாளி," என்று செனட்டர் தழுதழுத்தார். "என் கையைப் புடிச்சுக்கிட்டு அழுதார்." கவர்னர் விடவில்லை. "அதே லோவல் மேல கூரை விழுந்து தோள்பட்டை முறிஞ்சுது. அவர் அதைச் சொன்னது என்கிட்டதான்."

மார்லிஸ் டிவியின் சத்தத்தைக் குறைத்தாள். "நீ அவர்கிட்ட அழுதியா?"

"நீயும் அங்கதானே இருந்த. அழலையே."

"நான் நடுவுல காபி எடுக்கப் போனேன்."

"மார்லிஸ், நான் அழல. தோளும் முறியல."

"எங்க கவர்னர் முன்னாடி ஒரு சொட்டு வரல உனக்கு," என்றாள் அவள். "அங்க போய் அழுதிருக்க." அன்றிலிருந்து தொலைபேசியில் பேசும்போது அவள் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளக்கூடியதாகத்தான் இருந்தது. கூட்டத்துக்கு முந்தின ஞாயிறு மாலை பனி பெய்யத் தொடங்கியது. திங்கட்கிழமை காலையில் பதினோரு அங்குலம் கிடந்தது. இன்னும் பெய்யும் என்றார்கள்.

காலை பத்து மணிக்கு லோவலை ஊர் நூலகத்துக்கு வரச் சொன்னார்கள். அவர் மருத்துவமனை நெடுஞ்சாலையையும் பள்ளிப் பேருந்து வழியையும் முடித்துவிட்டுப் பூட்ஸில் பனியோடு போய் நின்றார். மேசையின் நடுவில் கட்சியின் மாவட்டத் தலைவி எவ்லின் ஸ்டாக் இருந்தார். ஓய்வுபெற்ற வரி மதிப்பீட்டாளர். எதையும் முகமதிப்பில் ஏற்காதவர். ஒரு பக்கம் கவர்னரின் தேர்தல் ஊழியர் கிரெட்சென். மறுபக்கம் செனட்டரின் ஊழியர் பியர்ஸ். மேசைமேல் மாவட்ட வரைபடம். அதில் செனட்டர் ஆட்களுக்கு நீலக் குண்டூசியும் கவர்னர் ஆட்களுக்குப் பச்சைக் குண்டூசியுமாக ஊர்க்காரர்கள் குத்தி வைக்கப்பட்டிருந்தார்கள்.

"மிஸ்டர் பிரிங்க்மன்," என்று கிரெட்சென் ஆரம்பித்தாள். "இதுக்கப்புறம் எந்தப் பக்கம் போவீங்க?"

"வடக்குச் சாலை. அப்புறம் தெற்கு."

"வடக்குல முப்பத்தொரு வீடு செனட்டர் ஆளுங்க."

"அது எனக்குத் தெரியாது. எப்பவும் வடக்குலேர்ந்துதான் ஆரம்பிப்பேன்."

"எத்தனை வருஷமா?"

"பத்தொன்பது."

கிரெட்சென் தலைவியைப் பார்த்தாள். "அப்ப இது திடீர்னு நடந்தது இல்ல. ரொம்ப நாள் திட்டம்."

பியர்ஸ் குறுக்கிட்டான். "இவரோட மனைவி யாருக்குப் பொறுப்பாளர்னு இந்த அறையில எல்லாருக்கும் தெரியும். வடக்கை முதல்ல அரைகுறையாத் தள்ளிட்டு, தெற்கைச் சுத்தமாத் தள்ளுவார். அதான் ஏற்பாடு." பிறகு லோவல் பக்கம் திரும்பினான். "இன்னொண்ணு. பனியை எப்பவும் வலது பக்கமே தள்றீங்க. ஏன்?"

"இடது பக்கம் எதிர்ல வண்டி வரும்."

"அது நீங்க சொல்ற காரணம்."

தலைவி எவ்லின் கையை உயர்த்தினார். "வலது பக்க விஷயம் இந்த அறையைத் தாண்டி வெளிய போகக்கூடாது. இடதுசாரிப் பக்கம் சாயற நம்ம கட்சிக்கு அது நல்லா இல்ல." பிறகு எழுந்து நின்று பேசினார். "பனி எல்லார் வீட்டு மேலயும் ஒரே அளவுதான் விழுது. அது இயற்கை. அதை அள்ளறது அரசியல். இந்தக் கட்சி நூறு வருஷத்துக்கு மேல ஒத்துமையா இருக்குன்னா, ஒருத்தரை ஒருத்தர் ஒரு நாளும் நம்பினதில்லைங்கறதுதான் காரணம். அந்தப் பாரம்பரியத்தை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். லாரியில ரெண்டு தரப்புப் பார்வையாளர்களும் ஏறிக்கட்டும்."

மாவட்டச் சாலைப் பொறியாளரிடம் தொலைபேசியில் கேட்டார்கள். "ஏறித் தொலையட்டும். லாரி நிக்காம ஓடணும், அவ்வளவுதான்," என்றார் அவர்.

லாரியில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஒரே ஒரு இருக்கை. அதில் கிரெட்செனும் பியர்ஸும் தோளோடு தோள் நெருக்கி உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு வீட்டு வாசலையும் கடக்கும்போது இருவரும் மடியில் இருந்த பட்டியலில் குறித்தார்கள். ஒரு பச்சை வீட்டு வாசலில் பனிக் குவியல் அரை அடி உயரம் கூடிவிட்டது என்று கிரெட்சென் இறங்கி அளந்தாள். அடுத்த நீல வீட்டில் பியர்ஸ் இறங்கி அளந்தான். இரண்டும் ஒரே உயரம் வந்தபோது இருவர் முகத்திலும் ஏமாற்றம் தெரிந்தது. ஒரே உயரம் வருவது எப்படி, யாராவது அளந்து வைத்திருக்க வேண்டும் என்று பியர்ஸ் முணுமுணுத்தான்.

மத்தியானத்துக்குள் லோவலுக்கே தன்மேல் சந்தேகம் வந்துவிட்டது. ஒரு வளைவில் பனி தள்ளும் தகட்டைக் கொஞ்சம் தூக்கினார். கல் இருந்ததால் தூக்கினோமா, அது டுவெய்னின் நண்பன் வீடு என்பதால் தூக்கினோமா என்று அரை மைல் தூரம் யோசித்தார். கல்தான் என்று கடைசியில் முடிவுக்கு வந்தார். ஆனால் முன்பெல்லாம் இப்படி ஒரு முடிவுக்கு வர வேண்டிய தேவையே இருந்ததில்லை.

மூன்றரை மணிக்கு லாரியின் வயர்லெஸ் அழைத்தது. மில் க்ரீக் சாலையில் ஒரு பெண்ணுக்கு நெஞ்சு வலி. ஆம்புலன்ஸ் திருப்பத்திலேயே சிக்கி நிற்கிறது. உடனே வந்து வழி திறக்க வேண்டும். பெயர் ஹார்ரியட் போல்ஸன்.

 ஹார்ரியட், மார்லிஸுக்கும் டுவெய்னுக்கும் அத்தை. தாய் இல்லாத அந்த இரண்டு பேரையும் பள்ளிக்கூடக் காலம் முழுக்கத் தன் வீட்டில் வைத்துச் சோறு போட்டவள். லோவல் வண்டியைத் திருப்பினார்.

"இருங்க," என்றான் பியர்ஸ். "வடக்குச் சாலை பாதிதான் முடிஞ்சிருக்கு. மில் க்ரீக் இன்னிக்கு வழித்தடத்துலயே இல்ல."

"போல்ஸன், போல்ஸன்," என்று கிரெட்சென் விரலால் தேடினாள். "ஹார்ரியட். எழுபத்தொண்ணு. இன்னும் முடிவு பண்ணாதவங்க."

பியர்ஸ் தன் பட்டியலைப் பார்த்தான். அவனுடையதிலும் அப்படித்தான் இருந்தது.

"போகலாம்," என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

லோவல் அவர்களைக் கேட்டுக்கொண்டு போகவில்லை, ஏற்கெனவே போய்க்கொண்டிருந்தார். ஆனாலும், அத்தை எந்தப் பக்கமாவது முடிவு பண்ணியிருந்தால் இந்நேரம் ஸ்டீயரிங்கை ஒருவர் பிடித்து இழுத்திருப்பார் என்று அவருக்குத் தோன்றியது. ஓட்டிக்கொண்டே மார்லிஸுக்கு நான்கு முறை போன் செய்தார். நான்கு முறையும் லைன் பிஸி. டுவெய்னுக்குச் செய்தார். அதுவும் பிஸி. இருவரும் ஊர் முழுக்கப் பேசி ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார்கள்.

அத்தையை ஸ்ட்ரெச்சரில் வெளியே கொண்டுவந்தபோது முகத்தில் ஆக்சிஜன் முகமூடி இருந்தது. லோவல் தகட்டைத் தூக்கி வழிவிட்டு இறங்குவதற்குள் கிரெட்சென் ஒரு புறமும் பியர்ஸ் ஒரு புறமும் ஆதரவுக் கையெழுத்து வாங்கும் அட்டையோடு நின்றுவிட்டார்கள்.

"மிஸஸ் போல்ஸன், கவர்னர் உங்களுக்காக வேண்டிக்கிறாங்க. ஒரு கையெழுத்து மட்டும்."

"மேடம், செனட்டரோட அப்பாவுக்கும் நெஞ்சு வலி வந்திருக்கு. உங்க கஷ்டம் அவருக்குத் தெரியும்."

"நகருங்க," என்றார் ஆம்புலன்ஸ்காரர்.

அத்தை போர்வைக்குள்ளிருந்து ஒரு கையை வெளியே எடுத்தாள். ஒரு விரலை நீட்டினாள். ஆட்டினாள். பிறகு கதவு சாத்திக்கொண்டது.

"ஒண்ணு," என்றாள் கிரெட்சென். "எங்க அட்டையில கவர்னர் பேரு ஒண்ணாவது."

"என் பக்கம்தான் நீட்டினாங்க," என்றான் பியர்ஸ். இருவரும் பனியில் நின்றபடியே தலைமை அலுவலகத்துக்குச் செய்தி அனுப்பினார்கள்.

லோவல் ஆம்புலன்ஸுக்கு முன்னால் நெடுஞ்சாலை வரை வழி திறந்துவிட்டுத் திரும்பினார். ஒரு மணி பத்து நிமிடம் போயிருந்தது. வடக்குச் சாலையை முடித்து, தெற்கை முடித்து, ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்பு பள்ளிக்கூட வளாகத்துக்கு வந்தபோது, சாப்பாட்டு இடைவேளை அரை மணி நேரம் அவருக்கு மீதமிருந்தது. மார்லிஸைக் கண்டு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்று கூடத்துக்குள் போனார். பின்னால் கதவைச் சாத்தினார்கள். ஏழு மணிக்குப் பிறகு வருகிறவர்களைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். உள்ளே இருக்கிறவர்களை எண்ணி முடிக்கும்வரை நடுவில் பேசவும் விடமாட்டார்கள். "மார்லிஸ்," என்று இரண்டு முறை கூப்பிட்டார். கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே நின்ற மார்லிஸ், அவர் தன் மூலைக்கு வருவதாக நினைத்துக் கையசைத்தாள். எதிர் வளையத்துக்குக் கீழே டுவெய்னும் அப்படியே நினைத்துக் கையசைத்தான்.

எண்ணினார்கள். கவர்னருக்கு ஐம்பத்தேழு. செனட்டருக்கு ஐம்பத்தேழு. மேயருக்கு மூன்று. நம்பிக்கை வராமல் மறுபடி எண்ணினார்கள். ஒரு தரப்பு எண்ணியதை மறு தரப்பு எண்ணியது. நான்காவது எண்ணிக்கையில் துடைப்பத்தோடு நின்ற பள்ளித் துப்புரவுப் பணியாளரையும் சேர்த்து எண்ணிவிட்டு, பிறகு கழித்தார்கள். ஐம்பத்தேழு, ஐம்பத்தேழு.

மேயரின் ஆட்கள் குறைவு என்பதால் அவர்கள் கலைந்து வேறு மூலைக்குப் போக வேண்டும் என்று விதி. "ஒரே கார்ல வந்தோம். ஒண்ணாத்தான் போவோம்," என்றார்கள் மூவரும். எங்கே போவது என்பதில் மூவருக்கும் ஒத்துவரவில்லை. பார்வையாளர் படிக்கட்டில் உட்கார்ந்து பிஸ்கட் சாப்பிட்டார்கள்.

அப்போது டுவெய்ன் நடுக்கோட்டுக்கு வந்தான். "வடக்குச் சாலையில என் ஆளுங்க பதிமூணு பேர் வந்து சேரல. லாரி ஒரு மணி பத்து நிமிஷம் எங்கேயோ போயிருக்கு. மச்சான் பதில் சொல்லட்டும்."

"என் புருஷனைக் குறுக்கு விசாரணை பண்ண நீ யாரு?" என்றாள் மார்லிஸ். அந்தக் குளிர்காலத்தில் தம்பியிடம் அவள் நேராகப் பேசிய முதல் வார்த்தை அது.

கிரெட்சென் ஓடிவந்து தலைவியின் காதில் ஏதோ சொன்னாள். மறு காதில் பியர்ஸ் சொன்னான். எவ்லின் கையை உயர்த்தினார். "ஒரு புது விஷயம். ஹார்ரியட் போல்ஸன்ங்கற வாக்காளர் ஆம்புலன்ஸ்ல ஏறும்போது ஒரு விரலைக் காட்டி ஆதரவு தெரிவிச்சதா ரெண்டு தரப்பும் சொல்லுது. நேர்ல இல்லாதவங்களைக் கணக்குல சேர்க்க விதி இல்ல. ஆனா சமநிலையில நிக்கறப்ப, அவங்க எண்ணம் என்னன்னு தெரிஞ்சுக்கறது கட்சியோட கடமை. மிஸ்டர் பிரிங்க்மன், நீங்க நேர்ல பாத்தீங்க. விரல் எந்தப் பக்கம் இருந்துச்சு?"

"அத்தையா?" என்றாள் மார்லிஸ். "அத்தை எங்களுக்குத்தான் வருவாங்க. லோவல், சொல்லு. எந்தப் பக்கம் காட்டினாங்க?"

"மச்சான், உண்மையைச் சொல்லு," என்றான் டுவெய்ன். "எந்தப் பக்கம்?"

லோவல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குக் கோபம் வருவது அபூர்வம். வந்தாலும் குரல் உயராது.

"கிரெட்சென் பக்கம் காட்டினாங்க," என்றார்.

கவர்னர் மூலையில் கைதட்டல் எழுந்தது.

"அந்தப் பொண்ணு ஆக்சிஜன் குழாய் மேல நின்னுக்கிட்டிருந்துச்சு. அதைக் காட்டினாங்க."

கைதட்டல் ஒவ்வொரு கையாக ஓய்ந்தது. தலைவி எதையோ எழுதி, அடித்துவிட்டு, மறுபடி எழுதினார். "அப்போ ஆதரவா எடுத்துக்க முடியுமா முடியாதாங்கறது விவாதத்துக்கு உரியது," என்றார்.

மார்லிஸ் கைதட்டிய கையைக் கீழே இறக்கினாள். "ஆம்புலன்ஸ்ல எதுக்குப் போனாங்க?"

"நெஞ்சு வலி. உனக்கு நாலு தடவை போன் பண்ணினேன். இவனுக்கும் பண்ணினேன்." லோவல் தொப்பியைப் போட்டுக்கொண்டார். "நெடுஞ்சாலையை இன்னொரு தடவை தள்ளணும். மருத்துவமனை வாசல் வரைக்கும் போவேன். வர்றவங்க வரலாம்."

மார்லிஸ் ஓர் அடி எடுத்து வைத்தாள். நின்றாள். அவள் போனால் கவர்னருக்கு ஐம்பத்தாறு. எதிர் மூலையில் டுவெய்னும் ஓர் அடி எடுத்து வைத்து நின்றிருந்தான்.

"நீ போ, அக்கா. நான் பின்னாடியே வர்றேன்," என்றான்.

"வருவ. எண்ணி முடிச்சுட்டு வருவ. நீ முதல்ல போ."

"எனக்கு அவங்க அத்தை இல்லையா?"

"எனக்கு இல்லையா?"

கூடம் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. படிக்கட்டிலிருந்து மேயரின் ஆள் ஒருவர், பிஸ்கட் வாயோடு, "ரெண்டு பேரும் ஒண்ணாப் போனா கணக்கு சரியா இருக்குமே," என்றார். அந்த மாலையில் யாராவது சொன்ன ஒரே பயனுள்ள யோசனை அது. அதனால் அதற்கு விதி இருக்கிறதா என்று தேடப் பதினைந்து நிமிடம் ஆனது. இல்லை என்றதும் தலைவி புதிதாக ஒன்றை எழுதிப் படித்தார். "வட்டாரப் பொறுப்பாளர் இருவரும் வாசற்படியை ஒரே நேரத்துல தாண்டணும். தாண்டினது கால்தானா, வெறும் உடம்பு மட்டுமான்னு இரு தரப்பும் சரிபார்க்கணும். யாரும் பாதியில திரும்பக்கூடாது."

மற்றவர் திரும்பிவிடுவார் என்று இருவருக்கும் பயம். அதனால் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அக்கா தம்பியின் மணிக்கட்டை, போலீஸ்காரர் கைதியைப் பிடிப்பதுபோலப் பிடித்திருந்தாள். கிரெட்செனும் பியர்ஸும் குனிந்து பாதங்களைப் பார்க்க, ஒன்று, இரண்டு, மூன்று என்று தலைவி எண்ண, இருவரும் படியைத் தாண்டினார்கள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. கதவு சாத்தப்பட்ட பிறகும் அவள் கையை விடவில்லை. அவனும் இழுக்கவில்லை.

காத்திருந்த லாரியில், ஓட்டுநர் பக்கத்து ஒரே இருக்கையில் இருவரும் நெருக்கி உட்கார்ந்தார்கள். மருத்துவமனை பதினெட்டு மைல் தூரம். பாதி வழியில் டுவெய்ன், "நாம ரெண்டு பேரும் அம்மை வந்து படுத்திருந்தப்ப, அவங்க தரையிலதானே தூங்கினாங்க," என்றான். மார்லிஸ் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். லோவல் நெடுஞ்சாலையின் பனியை வழக்கம்போல வலது பக்கம் தள்ளினார்.

வழியிலேயே கூடத்திலிருந்து செய்தி வந்தது. சமநிலை நீடித்ததால் நாணயம் சுண்டிப் பார்ப்பது என்று முடிவு. யாருடைய பையிலிருந்து எடுத்த நாணயத்தையும் மறு தரப்பு ஏற்கவில்லை. வெளி மாவட்டத்திலிருந்து ஒரு நாணயம் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்களாம். சாலை திறந்ததும் வரும்.

மருத்துவமனையில் இரண்டாவது மாடி. அத்தை பிழைத்துக்கொண்டாள், அடைப்பு நீக்கியாயிற்று, பேசுகிறாள் என்று நர்ஸ் சொன்னபோது டுவெய்ன் சுவரில் சாய்ந்துகொண்டான். மார்லிஸ் கோட்டுக் கையால் மூக்கைத் துடைத்தாள்.

"ஒரு நேரத்துல ஒருத்தர்தான் உள்ள போகலாம்," என்றார் நர்ஸ்.

"நீ போ, அக்கா," என்றான் டுவெய்ன்.

மார்லிஸ் கதவைப் பார்த்தாள். பிறகு தம்பியைப் பார்த்தாள். "எதுக்கு என்னை முதல்ல போகச் சொல்ற?"

"சும்மாதான்."

"சும்மா யாரும் சொல்ல மாட்டாங்க. நீ போ."

"நீ எதுக்கு என்னைப் போகச் சொல்ற?"

லோவல் இருவரையும் சுற்றிக்கொண்டு உள்ளே போனார். அத்தை தலையணையில் சாய்ந்திருந்தாள். முகம் சுருங்கி இருந்தது. கண் மட்டும் தெளிவாக இருந்தது. அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, பூட்ஸை எந்தக் குழாய்மேலும் வைக்காமல் கவனமாக ஒதுக்கி வைத்தார்.

"வெளிய என்ன சத்தம்?" என்று அத்தை கேட்டாள்.

"உங்க பிள்ளைங்க வந்திருக்காங்க. யாரு முதல்ல உள்ள வர்றதுன்னு பேசிக்கிட்டிருக்காங்க."

"எவ்வளவு நேரமாகும்?"

லோவல் கதவுப் பக்கம் காது கொடுத்துக் கேட்டார்.

"தூங்குங்க அத்தை," என்றார். "இப்பதான் முதல் சுத்து."